நான் இறைத்த கிணறு

இன்று காலை பக்கத்து வளவில் யாரோ கிணற்றுக்குக் குளோரின் தூள் போட்டார்கள். மணம் மூக்கில் ஏறியதும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு அந்த மணம் ஒரு சனிக்கிழமை, விடியற்காலை ஐந்து நாற்பது.

வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த மகள், மலேரியா பரப்பும் நுளம்புகளின் கட்டுப்பாட்டைக் களத்தில் படிக்க, அந்நாட்டு மாணவர் நால்வரோடு எங்கள் ஊர் தாழ்வுபாட்டுக்கு வந்திருந்தாள். பக்கத்து வீட்டு எமில்டா அக்காவின் கிணற்றில் நுளம்புப் புழு தின்னும் சின்ன மீன்களை விட்டார்கள். எங்கள் கிணற்றில் ஒன்றும் விடவில்லை. தினமும் இரண்டிலும் தண்ணீர் அள்ளி, நுளம்புப் புழுக்களை எண்ணி எழுதினார்கள். அங்கே குறைந்தது. இங்கே பெருகியது.

"மாஸ்டர், உங்கட கிணத்திலதானாம் புழு கூட" என்றார் எமில்டா அக்கா, மதிலுக்கு மேலால். சிரிக்காமல் சொன்னதுதான் சுட்டது.

கடைசி நாளான அந்தச் சனிக்கிழமை அவர்களுக்குப் படிப்பிக்கும் ரீச்சர் வந்து எண்ணிப் பார்ப்பதாக இருந்தது. வெளிநாட்டு மனுசி என் கிணற்றில் புழுவைப் பார்ப்பதா? கோயில் திருநாளுக்கு விருந்தாளிகள் வருமுன் கிணறு இறைப்பது எங்கள் வழக்கம். பிள்ளைகள் எழும்புமுன் மோட்டரைப் போட்டேன். சேறு தெரியும்வரை இறைத்து, ஊற்றுத் தண்ணீரில் குளோரின் தூளும் தூவினேன்.

நான் விஞ்ஞான ஆசிரியர். ஒன்றில் மாற்றம் செய், மற்றதைத் தொடாதே, இரண்டையும் ஒப்பிட்டுப் பார் என்று கரும்பலகையில் எழுதி எழுதியே சோக்குத் தூளால் இருமல் வாங்கியவன்.

எழும்பி வந்த மகள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கிணற்றுக் கட்டின்மேல் குந்திவிட்டாள்.

"ஆறு கிழமை, நாப்பத்திரண்டு நாள் எண்ணினது, அப்பா. ரீச்சர் தன்ர கையால எண்ணினாத்தான் எங்களுக்குப் புள்ளி."

"எங்கயாவது அள்ளிக்கொண்டு வந்து விடுறன் பிள்ளை."

"அது களவு."

அப்படிச் சொன்ன பிறகும் வாளியோடு போனேன்.

"எமில்டா அக்கா, உங்கட கிணத்தில கொஞ்சமாவது புழு இருக்குமோ?"

"நேற்று வரைக்கும் இல்லையெண்டு சந்தோசமா இருந்தன். இண்டைக்கு இல்லையெண்டு கவலைப்பட வைக்கிறியள், மாஸ்டர்."

இப்போது எமில்டா அக்கா மகனோடு கனடாவில். மதிலுக்கு மேலால் ஒரு தலையும் தெரிவதில்லை. எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. கிணற்றுக்குக் கொங்கிறீட் மூடி. குனிந்து எண்ணிய ஐந்து பேரும் ஐந்து திசையில்.

அன்று பத்து மணிக்கு ரீச்சர் வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு என்னையும், என் வாளியையும். நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு ஆங்கிலம் விளங்கும், அன்றைக்கு விளங்கவில்லை. மகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இறைச்ச கிணத்துக்கு எத்தினை நாளில புழு திரும்பி வருதெண்டு பாக்கட்டாம். மணம் போனதும் எண்ணத் தொடங்கட்டாம். இன்னும் மூண்டு கிழமை நிக்கலாமாம்" என்றாள் மகள்.

ரீச்சர் இன்னும் ஒரு வரி சொன்னார்.

"அதுவரைக்கும் உங்களைக் கிணத்தடிப் பக்கம் விட வேண்டாமாம். இது நான் சேர்த்துச் சொல்லேல்ல, அப்பா."