குளிர் ஏரிக்குக் கட்டிப்போன பருத்திச் சேலை

எங்கள் வீட்டுக் குளியலறையில் கறுப்பாக ஓர் ஆள் தொங்குவது வழக்கம். தலை இல்லை, கையும் காலும் இருக்கின்றன. கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு விடியற்காலை விளக்கைப் போட்டதும் அதைக் கண்டு நான் போட்ட சத்தத்துக்கு, மருமகன் வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு ஓடிவந்தார். மகள் யசோ சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள். அது கள்ளன் இல்லை, அவள் தண்ணீரில் இறங்கப் போடும் குளிர்ச்சட்டையாம். வெட்சூட் என்று பெயர். தொட்டால் ரப்பர் மாதிரியும் இருக்கும், பஞ்சு மாதிரியும் இருக்கும்.

நாற்பது வயது தாண்டிய என் மகள் ஏரியில் அலைச்சறுக்கு விளையாடுகிறாள் என்றால் ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் கரையில் நின்று கண்டதைத்தான் எழுதுகிறேன். வேக்சேர்ஃப் என்கிறார்கள். மோட்டார்ப் படகு போகும்போது பின்னால் ஓர் அலை மடிந்து எழும்பும். கயிற்றைப் பிடித்துப் பலகையில் எழும்பி நின்று, பிறகு கயிற்றையும் படகுக்குள் எறிந்துவிட்டு, அந்த அலை தள்ளத் தள்ள வருவாள். வேலையால் வாடி வரும் அவள் முகம் அப்போதுதான் விரியும். அதனால் நான் ஒன்றும் சொல்வதில்லை.

நான் பிறந்தது கொட்டாஞ்சேனை, கல்யாணம் முடித்து வந்தது வெள்ளவத்தை. காலி வீதியில் இருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் வீடு. கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் ரயில் பாதை. ஞாயிறு பின்னேரங்களில் என்னவரும் யசோவும் கடலில் இறங்குவார்கள். அவளுக்குப் பழைய பள்ளிக்கூடச் சட்டை, அவருக்கு மடித்துக் கட்டிய சாரம். வேறு சாமான் எதற்கு, தண்ணீரே சூடு. நான் கணுக்கால் நனையும் இடத்தோடு சரி. தோளில் துவாய், கண் அந்த இரண்டு தலைகளில். எனக்கு நீந்தத் தெரியாது, பார்க்கத் தெரியும். அலைக்குள் ஒரு தலை மறைந்தால் அது திரும்ப வரும்வரை மூச்சு விடமாட்டேன். கரைக்கு வந்ததும் பிள்ளையைக் குனியச் சொல்லி முதலில் தலையைத் துவட்டுவேன். வீட்டுக்குத் திரும்பப் பாதையைக் கடக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் கோச்சி, அதுதான் ரயில், வரும். “அம்மே, கோச்சிய எனவா!” என்று கோச்சி வருவதைக் கடலை விற்கிற சிங்கள மனுசி தன் மொழியில் கத்திச் சொல்வாள். ஈரத்தோடு மூவரும் நிற்போம். பெட்டிகள் கடகடவென்று போகும் காற்றில் யசோ என் சேலைக்குள் ஒளிந்துகொள்வாள். சேலை எப்போதும் பருத்திதான். அன்றும் இன்றும்.

இந்த முறை இலைகள் நிறம் மாறிய பிறகும் ஒருமுறை போகவேண்டும் என்றாள். படகைக் கரையேற்ற முன் கடைசி ஓட்டம். அதற்குத் தடித்த சட்டை வேண்டுமென்று கடைக்குப் போனோம். வெள்ளவத்தையில் பிள்ளைக்கு உடுப்பு என்றால் வளர்த்திக்கு விட்டு ஓர் அளவு பெரிதாகத்தான் எடுப்போம். இங்கே அவள் அந்தச் சட்டைக்குள் நுழையப் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கே மூச்சு வாங்கியது.

“பெரிசாய் எடன் பிள்ளை. சின்னப் பிள்ளையின்ரை சட்டை மாதிரிக் கிடக்கு.”

“அம்மா, இது ஒட்டித்தான் இருக்கவேணும். உள்ளுக்கை போற கொஞ்சத் தண்ணி உடம்புச் சூட்டிலை வெதுவெதுப்பாகும். லூசாய் இருந்தா அது ஓடிப்போய்ப் பச்சைத் தண்ணி வரும்.”

ஐந்து மில்லிமீட்டர்த் தடிப்பு. தையலால் தண்ணீர் புகாதபடி உள்ளே நாடா ஒட்டியது. அதோடு சப்பாத்து, கையுறை, காதையும் மூடும் ஒரு தலைமூடி. நான் இடுப்புப் பக்கத்தை இழுத்து இழுத்துப் பார்ப்பதைக் கண்ட கடைப் பெண், என் உடம்புக்குத் தோதான இன்னொரு சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, “இட்ஸ் நெவர் டூ லேட்!” என்றாள். “நோ, நோ. மை டோட்டர்” என்றேன். அவள் தன் நெஞ்சில் கை வைத்து, மகளை இதில் பழக்கியதே நான்தான் என்பதுபோல ஏதோ பாராட்டினாள். நானும் மறுக்கவில்லை. கார் வரைக்கும் யசோ சிரித்துக்கொண்டே வந்தாள்.

அந்தக் கிழமையே மருமகனுக்கு இடுப்புப் பிடித்துவிட்டது. படகு ஓட்டுவது பக்கத்து வீட்டு டேவ். ஆனால் ஓட்டுகிறவரைத் தவிர, தண்ணீரில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் படகில் இருக்க வேண்டும் என்பது இங்கத்தைய சட்டம். வழக்கமாக அது மருமகனின் வேலை.

“பார்க்க ஆள் இல்லை. இந்த வருசம் முடிஞ்சுது” என்றாள் யசோ.

“ஏன், நான் ஆள் இல்லையோ?”

“குளிர், அம்மா...”

“வெள்ளவத்தையிலை உன்னைப் பார்த்தது ஆர்? டேவோ?”

இந்த வீட்டில் எனக்கு எல்லாம் செய்து தருகிறார்கள். நான் இல்லாவிட்டால் நடக்காது என்று ஒன்றும் இல்லை. அன்று ஒன்று கிடைத்தது. அதைக் கைவிட எனக்கு மனமில்லை.

கம்பளி உள்ளுடுப்பு, காற்றுப் புகாத காற்சட்டை, நீண்ட மேலங்கி, மிதவைச் சட்டை என்று எடுத்து வைத்தாள். “பருத்தி மட்டும் வேண்டாம். நனைஞ்சா உடம்புச் சூட்டை எல்லாம் உறிஞ்சிப்போடும். நீங்கள் நடுங்கினியள் எண்டா அடுத்த வருசம் ஏரிப்பக்கமே கூட்டிக்கொண்டு போகமாட்டன்” என்றாள். ஓம் ஓம் என்றேன். ஆனால் காற்சட்டையோடு ஓர் அந்நிய ஆம்பிளைக்கு முன்னால் போய் இருக்க எனக்கு வராது. அதைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுக் கம்பளிக்கு மேலே சேலையைக் கட்டி, மேலங்கியைப் பூட்டிக்கொண்டேன். தன் இறுக்கச் சட்டையோடு மல்லுக்கட்டிய அவசரத்தில் யசோ என் காலைப் பார்க்கவில்லை.

பின்பக்கம் பார்த்தபடி படகில் இருந்தேன். அலை எழும்பியது, தண்ணீர் தெறித்தது. சேலைக் கரை முதலில் நனைந்தது; பிறகு ஈரம் முழங்காலுக்கு ஏறி, கம்பளிக்குள்ளும் இறங்கியது. பல் கிட்டி அடித்தது. டேவ் திரும்பி, “கோல்ட்?” என்றார். “நோ” என்றேன். ஓம் என்றால் படகு நிற்கும். அவளுடைய ஓட்டமும் போகும், என் இருக்கையும் போகும். யசோ கயிற்றை எறிந்துவிட்டு இரண்டு கையையும் விரித்து வந்தாள். அந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் நான் வெள்ளவத்தையில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்தான் கடைசியாகக் கண்டேன்.

திடீரென்று தலை மறைந்தது. அவள் விழுந்தால் கத்தும்படி சொல்லித் தந்த ஆங்கிலச் சொல் விறைத்த வாயில் வரவில்லை. “விழுந்திட்டாள்! நிப்பாட்டு, நிப்பாட்டு!” என்று கத்தினேன். டேவுக்குத் தமிழ் விளங்கியதோ என் குரல் விளங்கியதோ, உடனே படகைத் திருப்பினார். கறுத்த தண்ணீருக்குள் அந்தக் கறுத்த மூடியை நான்தான் முதலில் கண்டேன். அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டேன்.

ஏறி வந்தவளைக் குனியச் சொல்லி, மூடியைக் கழற்றித் தலையைத் துவட்டினேன். குனிந்தவள் கண்ணில் என் சேலைக் கரை பட்டது.

“ஐயோ அம்மா! சேலையோ? நான் உங்களை என்ன செய்யிறது?”

“முதல்ல தலையைக் காட்டு.”

“நான் சுடச்சுட இருக்கிறன். நடுங்கிறது நீங்கள்!”

டேவ் மரியாதையாகக் கரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். உடுப்பு மாற்ற என்று அவள் கொண்டுவந்த கூடாரம் போன்ற அங்கியை எனக்குப் போட்டு, அதற்குள்ளேயே ஈரச் சேலையை உருவி எடுத்தாள்.

“அடுத்த வருசம் கூட்டிக்கொண்டு வரமாட்டாய், என்ன?”

சேலையைப் படகுக்கு வெளியே பிழிந்தாள். “காற்சட்டை போட்டா வரலாம்.”

“சேலைக்கு மேலையோ?”

“அம்மா!”

வீட்டுக்கு வந்து சேலையையும் அவள் சட்டையையும் குளியலறைக் கம்பியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். இந்தத் தடித்த புதுச் சட்டையை இடுப்பில் மடித்துத்தான் போட வேண்டுமாம், இல்லாவிட்டால் தோள் இழுபட்டுவிடும். கொஞ்சம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, தலை துவட்டக் குனிந்து நிற்கிற பிள்ளை மாதிரியே அது நின்றது; சொட்டுச் சொட்டாய் வடிந்துகொண்டிருந்தது. துவாயை எடுத்து அதன் கழுத்தைத் துடைத்தேன். அந்த நேரம் பார்த்து நிலவறையில் வீட்டைச் சூடாக்குகிற இயந்திரம் கடகடவென்று ஓடத் தொடங்கியது. பிள்ளையின் தோளைப் பிடிப்பதுபோல அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு, கோச்சி போய் முடியட்டும், பிறகு கடப்போம் என்று நின்றேன்.