லைன்மேன் சாமிக்கண்ணுவின் சனிக்கிழமை

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் சாமிக்கண்ணு சைக்கிளை எடுத்தால், மேல்பட்டாம்பாக்கம் கடைத்தெருவில் சிலர் தயாராகிவிடுவார்கள். டீக்கடை கொளஞ்சி பாலை ஆற்றிக்கொண்டே கேட்பார்.

"மாமா, இந்த மாசம் நம்ம பேரு இருக்குதா?"

"இருக்குது மாப்ள. செவ்வாக்கெழம உன் டீயக் கழனித்தண்ணின்னு சொன்னேன்ல. மன்னிச்சுடு."

"உண்மையச் சொன்னதுக்கு எதுக்கு மாமா மன்னிப்பு?" என்று பெஞ்சிலிருந்து ஒருவர் எடுத்துக்கொடுக்க, கடையே சிரிக்கும். சாமிக்கண்ணு சிரிக்கமாட்டார். கொளஞ்சி தலையாட்டும்வரை நின்றுவிட்டு அடுத்த வாசலுக்கு மிதிப்பார்.

மறுநாள் கிறிஸ்தவக் கோயிலில் திருவிருந்து, ஆண்டவர் நினைவாக அப்பமும் ரசமும் வாங்குகிற ஆராதனை. மனஸ்தாபத்தை வைத்துக்கொண்டு அப்பத்துக்குக் கை நீட்டக் கூடாது என்பது சபையில் எல்லாரும் அறிந்த ஒழுங்கு. மற்றவர்கள் அதை மனசுக்குள்ளேயே முடித்துக்கொள்கிறார்கள். இவர் வாசல் வாசலாகப் போய் முடிக்கிறார்.

ஐம்பத்திரண்டு வயது. லைன்மேன். ஏறுவதற்கு முன் கம்பத்தை மூன்று முறை தட்டிப் பார்த்து, கண்ணை மூடி, உதடு அசைய ஜெபிப்பார். வேலையை முடித்து இறங்குவதற்குள் குறைந்தது இரண்டு பேரைத் திட்டியிருப்பார். "அந்த ஜெபத்த எறங்கும்போதும் ஒருதடவ பண்ணுங்களேன்" என்பார் மனைவி பிரிசில்லா. அவரை நல்லவர் என்று சொல்ல அவசரப்பட வேண்டியதில்லை. இருபது வருஷமாகக் கேட்ட மன்னிப்பு அவருடைய கோபத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை. கேட்பதை மட்டும் அவர் ஒரு மாதமும் விட்டதில்லை.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டது. சாமிக்கண்ணுவைக் குடிகாட்டுப் பக்கம் அனுப்பினார்கள். பதினாலு நாள், விழுந்த கம்பங்களுக்கு நடுவே சரியான தூக்கமில்லை. மாவு மில் வைத்திருந்த புஷ்பவள்ளி தினமும் வந்து கம்பத்தடியில் நின்று, "எங்க தெருவுக்கு எப்ப வருவீங்க?" என்று கேட்டார். நாலாவது நாள் மேலிருந்து இவர் கத்தினார்: "பொம்பளைங்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டிருக்க முடியாது. வூட்ல ஆம்பள இருந்தா அனுப்பு."

புஷ்பவள்ளி திரும்பி நடந்தார். அவருடைய கணவர் தில்லைநாதன் புயல் அன்றைக்கு ஓட்டுக்கூரை விழுந்து செத்துப்போனதைக் கீழே நின்றவர்கள் சொன்னார்கள். இவர் இறங்கி ஓடுவதற்குள் அவர் தெருமுனையைத் தாண்டியிருந்தார். அடுத்த திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை போனபோது வீட்டில் பூட்டு. சிதம்பரத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

பிப்ரவரித் திருவிருந்தில் சாமிக்கண்ணு பெஞ்சை விட்டு எழவில்லை. ஆராதனை முடிந்ததும் போதகர் தோளில் கை வைத்தார். "ஆண்டவர் மன்னிச்சிட்டார்ப்பா. அடுத்த மாசம் வந்துடு."

"நான் ஆண்டவரத் திட்டலீங்களே ஐயா."

போதகர் கையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திருவிருந்துச் சனிக்கிழமையும், ஊரை முடித்ததும், சிதம்பரம் பஸ். மேலவீதியில் தம்பி மணவாளனின் ஜெராக்ஸ் கடை. பின்னாலேயே வீடு. முதல் மாதம் மணவாளன் சட்டையைப் பிடிக்காத குறை. "எங்க அக்கா மூஞ்சில முழிக்காத. கெளம்பு."

"பாக்கணும்னு கேக்கலீங்க. வந்துட்டுப் போனேன்னு மட்டும் சொல்லுங்க. வரவேணாம்னு அவுங்க சொன்னா நிறுத்திக்கிறேன்."

உள்ளேயிருந்து அப்படி ஒரு சொல் வரவில்லை. நாலாவது மாதம் மணவாளன் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "ஒனக்கு வேற வேல இல்லியாய்யா?" என்று கேட்ட குரலில் பழைய சூடு இல்லை. கோயில் பெஞ்சில் மட்டும் எட்டு மாதமாக எந்த மாற்றமும் இல்லை. எல்லாரும் எழுந்து பீடத்துக்குப் போக, சாமிக்கண்ணு தன் முழங்காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். வீட்டில் ராத்திரி ஜெபத்தில் பிள்ளைகள் பேருக்கு அடுத்ததாகத் தில்லைநாதன் குடும்பம் என்று சொல்லுவார். பிரிசில்லாவும் ஆமென் சொல்லப் பழகிவிட்டார்.

செப்டம்பரில் புஷ்பவள்ளியே கடைக்கு வந்தார். சாமிக்கண்ணு ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

"ஆம்பளய அனுப்புன்னீங்களே. எங்கேருந்து அனுப்புறது?"

"தெரியாம சொல்லிட்டேன்னு சொல்ல வரலம்மா. அவுரு உசுரோட இருந்திருந்தாலும் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுடுங்க."

புஷ்பவள்ளி, "குடிகாட்டு வூட்டுக்கே போறேன். மில்லத் தொறக்கணும். ஒயரு அந்து கெடக்குது. நீங்களே வந்து கரண்டு குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். மன்னிச்சேன் என்ற சொல் அதில் இருந்ததா என்று, பஸ்ஸில் கடலூர் வரும்வரை சாமிக்கண்ணுவுக்குப் புரியவில்லை.

அக்டோபர் முதல் சனிக்கிழமை காலை, குடிகாடு. விடியற்காலை மழையில் தரை சொதசொதவென்று கிடந்தது. கூட வந்த செம்பியன், டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு யாரும் திருப்பிப் போடாதபடி அங்கேயே காவல் நின்றார். சாமிக்கண்ணு ஒயரைத் தோளில் மாட்டி, ஏணியைக் கம்பத்தில் சாய்த்தார். ஏணி வழுக்கியது. மறுபடி சாய்த்தார். யாரையாவது கூப்பிடலாமா என்று திரும்பிப் பார்த்தார்; கூப்பிட வாய் வரவில்லை. கம்பத்தை மூன்று முறை தட்டிக் கண்ணை மூடினார்.

கண்ணைத் திறந்தபோது, மில் வாசலிலிருந்து சேற்றில் இறங்கி வந்த புஷ்பவள்ளி, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏணியின் கால்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.