வந்தவர்களுக்குச் சோடா

எனக்குத் தொழுநோய் வந்து மாறிப் பல வருடமாகிவிட்டது. மாதக்கணக்கில் குளிசை விழுங்கினேன். குணமாயிற்று, இனி ஒருவருக்கும் தொற்றாது என்று வைத்தியரே சொல்லிவிட்டார். இடது கைச் சின்ன விரல் மட்டும் மடங்கியபடி நிற்கிறது. எங்கள் ஊரான பாலையூற்றில் அந்த விரலைத் தெரியாத ஆள் இல்லை.

சென்ற மாதம் ஒரு இளம்பிள்ளை கணக்கெடுப்புக்கென்று கைப்பேசியோடு வந்தாள். என்னைப் போன்றவர்களை ஊர் எவ்வளவு ஒதுக்குகிறது என்று அளக்கிறார்களாம். அளந்து என்னத்தைக் கிழிக்கப்போகிறார்கள் என்று எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் கதிரையை இழுத்துப் போட்டேன்.

"உங்கட வீட்டில சாப்பிட, குடிக்க மாட்டம் எண்டு ஆரும் சொன்னவையோ?"

"இல்லை."

"விசேஷங்களுக்குக் கூப்பிடாம விட்டவையோ?"

"ஒருநாளும் இல்லை. எல்லாரும் கூப்பிடுறவை."

எல்லாவற்றுக்கும் இப்படியே சொன்னேன். பொய் ஒன்றுமில்லை. கூப்பிடுகிறார்கள்தான், நான்தான் போவதில்லை, கணவரை அனுப்பிவிடுவேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் என் கையால் எதுவும் ஊற்றிக் கொடுப்பதில்லை. எப்போதும் சோடா வாங்கி வைத்திருப்பேன். மூடியை அவர்களே திறந்துகொள்ளலாம். வேண்டாமென்று சொல்ல ஒருவருக்கும் நான் இடம் கொடுத்ததேயில்லை. அதைப் பெரிய கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைக்கும் ஒரு போத்தலை நீட்டினேன். அவள் வாங்கி மேசையில் வைத்தாள்.

"சோடா எனக்கு ஒத்துக்கொள்ளாது அன்ரி. ஒரு பிளேன்ரீ ஊத்தித் தாங்கோவன். வெயிலுக்க நடந்து வந்தனான்."

குசினிக்குள் போனேன். கேத்திலில் தண்ணீர் சூடாகத்தான் இருந்தது. கோப்பையை எடுத்தபோது அந்த விரல் விளிம்பில் பட்டது. கோப்பையைக் கழுவினேன். திரும்பவும் கழுவினேன். அவள் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனால் என் முகத்தை எங்கே வைப்பேன்? ஒரு சொட்டும் விடாமல் குடித்துவிட்டால் அதைவிட மோசம். இத்தனை வருடமும் நான் ஒளிந்து திரிந்ததற்கு என்ன அர்த்தம்? நினைக்கவே வெட்கமாக இருந்தது.

"தேயிலை முடிஞ்சுது பிள்ளை," என்று உள்ளே நின்றபடியே சொன்னேன்.

"பரவாயில்லை அன்ரி, தண்ணி எண்டாலும் தாங்கோ."

"கொஞ்சம் இருங்கோ. கடையில போத்தல் தண்ணி வாங்கிக்கொண்டு வாறன்."

அவள் முற்றத்துக் கிணற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு கடைப்பக்கம் நடந்தேன்.