வெள்ளிக்கிழமைச் சட்டை

எங்கள் நகரிப் பக்கம் ஆந்திராவோடு இருக்குமா, சென்னையோடு சேருமா என்று ஊரே பேசிக்கொண்டிருக்கிறது. எனக்கோ வீட்டுக்குள்ளேயே எல்லைத் தகராறு.

பர்மாச் சண்டையிலிருந்து திரும்பிய நாள்முதல் என் வீட்டுக்காரருக்கு மனசு சரியில்லை. ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்பார். சென்னை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த பிறகும் என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருப்பார். பட்டாளத்துக் கூட்டாளி முனிரத்தினம் அண்ணன் புத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். எனக்குப் புரியாத இந்துஸ்தானியில் இருவரும் சிரித்துச் சிரித்துப் பேசுவார்கள். காப்பி ஆற்றும்போதே எனக்கு வயிறு எரியும்.

சென்ற மாதம் இவர் பின்கட்டில் சவரம் செய்துகொண்டிருந்தபோது, "அவரு ஊர்ல இல்ல" என்று அண்ணனை வாசலோடு அனுப்பிவிட்டேன். சாயங்காலம் இவரைக் காணோம். கிணறு கிணறாக எட்டிப் பார்த்து நான் அழுது ஓய்ந்தபோது, அண்ணனே இவரைக் கைபிடித்து அழைத்து வந்தார். அண்ணனைத் தேடி இவர் புத்தூர்வரை நடந்தே போயிருக்கிறார்.

"அப்படி என்னதான் பேசிக்கினு இருப்பீங்க?" என்று அண்ணனிடம் வெடித்தேன்.

"ஒண்ணுமில்லம்மா. குரல் கேக்குதுன்னுவான். எனக்கும் கேக்குதுடான்னுவேன். அப்புறம் ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடும்."

நானோ இத்தனை வருஷமும் "ஒண்ணும் கேக்கல, சும்மா இருங்க" என்றே அடக்கியிருக்கிறேன்.

இப்போது இவர் காதைப் பொத்தினால், "என்னா சொல்லுது?" என்று கேட்டுப் பக்கத்தில் உட்காருகிறேன். மெதுவாகச் சொல்கிறார், தமிழில்.

வெள்ளைச் சட்டை மட்டும் இன்னும் அண்ணனுக்குத்தான். அதை வியாழக்கிழமையே துவைத்து வைத்துவிடுகிறேன், வயிற்றெரிச்சலோடுதான்.