ஆறிய படலங்கள்

உலை அண்ணன் என்றுதான் ஆய்வுக்கூடத்தில் அவரைக் கூப்பிடுவோம். அயனிகளைப் பாய்ச்சியதில் அடிபட்ட காந்த மென்படலங்கள்தான் அவரிடம் வரும்; உள்ளே அணுக்கள் கலைந்து காந்தம் செத்திருக்கும். அவற்றை உலையில் முந்நூறு டிகிரிவரை சூடாக்கி, மெல்ல ஆறவிடுவார். பாதிக் காந்தமாவது திரும்பும். சூடு மிஞ்சினால் அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. பதினெட்டு வருடத்தில் அவர் கையில் ஒன்றுகூட அப்படிப் போனதில்லை.

மகளைப் பறிகொடுத்த மூன்றாம் வாரமே வேலைக்கு வந்தார். அன்று என் படலங்களை உலையில் வைத்தபோது, வெப்பம் அளக்கும் கம்பி நழுவி வெளியே கிடந்ததை அவர் கவனிக்கவில்லை. சூடு போதவில்லை என்று உலை மேலும் மேலும் சூடேறிக்கொண்டே போயிருக்கிறது.

மறுநாள் காலை, "ஆறிடுச்சாண்ணே?" என்று கேட்டேன்.

"ஆறிடுச்சும்மா."

வாங்கி அளந்தேன். திரையில் கோடு அசையவே இல்லை; துளிக் காந்தமும் இல்லை. என் எட்டு மாத உழைப்பு. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கம்பியை ஒரு தடவை பாத்திருக்கக் கூடாதாண்ணே?"

அவர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகப் போக ஆறிடும்னு நீயும்தானே வீட்டுக்கு வந்து சொன்ன," என்றார். "ஆறத்தான் செய்யுதும்மா. திரும்பி வரத்தான் மாட்டேங்குது."