மாப்பிள்ளை விட்ட மீன்

அந்தக் கோடையில்தான் எங்கள் தோட்டத்தில் புதுக் கிணறு வெட்டி முடித்திருந்தார்கள். ஊர்க் கிணற்றுக்கும் வீட்டுக்கும் குடம் சுமந்தே இடுப்பு காய்த்துப் போன அம்மாவுக்கு அது பெரிய வரம். ஒரே குறை, தண்ணீரில் கொசுப்புழு நெளிந்தது. கெண்டைக் குஞ்சுகளை விட்டால் புழுவைத் தின்றுவிடும். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் அப்படித்தான் செய்வார்கள். ஏரியில் மீன் பிடித்துவரும் வேலை எனக்கும் தம்பிக்கும் வந்தது. மீன் உயிரோடு வேண்டும் என்று அம்மா கண்டித்துச் சொல்லியிருந்தாள்.

குண்டூசியை வளைத்துத்தான் தூண்டில் செய்திருந்தோம். தக்கை லேசாக அசைந்தாலே தம்பிக்குப் பொறுக்காது, வெடுக்கென்று இழுத்துவிடுவான். அந்த அவசரம் மீனுக்கு நல்லதாகப் போயிற்று. ஊசி உதட்டோடு நின்றுவிடும், தொண்டைக்குள் இறங்காது. பாதி நழுவி ஓடிவிடும். மீதி, சின்னக் கீறலோடு குடத்தில் நீந்தும்.

இதற்குள் தலை ஆடிக்கு அக்காளோடு அவள் புருஷர் வந்து சேர்ந்தார். காவிரிக்கரைக்காரர். ஆற்றில் தண்ணீர் ஓடுவதே தம்முடைய ஏற்பாடு என்பதுபோலப் பேசுவார். ஆடிப் பிறப்புக்குச் சுட்ட தேங்காயைத் தின்ற கையோடு, மீன் பிடிக்கத் தாமே வருவதாகக் கிளம்பிவிட்டார். புது மாப்பிள்ளையை மறுத்துப் பேச எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நாக்கு எழாது. பேசினால் அது சம்பந்தி வீடுவரை போகும், பிறகு அங்கே வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியவள் அக்கா.

ஏரிக்கரையில் எங்கள் தூண்டிலைப் பார்த்துச் சிரித்தார்.

"இதென்ன கண்ணு, காயிதங் குத்துற ஊசியா?"

இரண்டு ஊசிகளையும் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தார். மடியிலிருந்து பொட்டலத்தை அவிழ்த்து, குத்தினால் கழலாதபடி எதிர்முள் வைத்த இரும்புத் தூண்டில் முள்களைக் கட்டிக் கொடுத்தார்.

"தக்கை முங்கோணும். முங்குன பொறகும் பொறுக்கோணும். அப்பத்தான் நல்லா முழுங்கும்."

"முழுங்குனாச் செத்துப்போயிருமுங்க மாமா," என்றேன்.

"காவேரியில புடிச்சவன் சொல்றேன், கேளு சாமி."

காவிரியில் அவர் பிடித்தது குழம்புக்கு. கிணற்றில் விட வேண்டிய மீனுக்கு வேறு பக்குவம் என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை. விரல் நீளக் கெண்டைகள் எல்லாம் அவர் சொன்னபடியே நன்றாக விழுங்கின. வாயைத் திறந்து பார்த்தால் நூல் மட்டும்தான் தெரிந்தது. தம்பி அழுதான். மாமா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு மீனைக் குடத்தில் போட்டார்.

"முள்ளு துருப்புடிச்சுத் தானா உளுந்துரும், போ."

வாயில் நூல் தொங்க மல்லாந்து நீந்திய அந்த மீன்களைத் தம் கையாலேயே கிணற்றில் கவிழ்த்தார். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில்தான் நின்றார்கள். இருவருக்கும் எல்லாம் தெரியும். "நல்லதுங்க மாப்பிள்ளை," என்றார் அப்பா. எனக்கு வந்த கோபத்தில் அப்பாவையும் சேர்த்துக் கிணற்றில் தள்ளியிருப்பேன்.

சீக்கிரமே மீன்கள் செத்து மிதந்தன. தண்ணீர் நாறியது. மாப்பிள்ளையின் மனம் நோகக்கூடாதே! அதற்காக அவரைத் தோட்டத்துப் பக்கமே விடாமல், புதுச்சத்திரத்துப் பங்காளி வீட்டு விருந்து, அத்தை வீட்டு விருந்து என்று அப்பா தினமும் வண்டி கட்டினார். வண்டி மறைந்ததும் பண்ணையாள் மாட்டைப் பூட்டிக் கிணற்றை இறைப்பார். அம்மா பழையபடி குடத்தோடு ஊர்க் கிணற்றுக்கு நடந்தாள். அதிலும் ஒரு மரியாதை, புழக்கடை வழியாகத்தான் வருவாள்.

ஊருக்குக் கிளம்பும் நாளில் மாமா சாப்பிட உட்கார்ந்தார். கோழிக் குழம்பு. அம்மா அப்போதுதான் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, செம்பில் மொண்டு வந்து வைத்தாள். மாமா அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார்.

"பாத்தீங்களா அத்தை? நான் மீனு உட்ட பொறகு தண்ணி என்ன ருசி!"

நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்த அக்கா என் காலை அழுத்தி மிதித்தாள்.

"ஆமாங்க மாப்பிள்ளை," என்று அம்மா இன்னொரு செம்பு மொள்ளப் போனாள்.