முதல் வரியில் அப்பா

சனிக்கிழமைகளில் கெலுகோரில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கட்டுரை சொல்லித் தருகிறேன். கதை இல்லை, தகவல் கட்டுரை. போன வாரத் தலைப்பு, போக்குவரத்து. பாதி வகுப்பு ஒரே மாதிரித் தொடங்கியிருந்தது: "இன்றைய நவீன உலகில் போக்குவரத்து இன்றியமையாததாகும்." பத்திரிகையில் வேலை பார்த்தவளுக்கு இந்த வரியைக் கண்டால் கொட்டாவி வரும். முதல் வரியில் ஓர் ஆள் இருக்க வேண்டும், அந்த ஆளின் கை ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும் என்றேன்.

தர்ஷினி உடனே கை தூக்கினாள். "அப்போ எங்கப்பாவ எழுதட்டா டீச்சர்? அவரு லோரி ஓட்டுறாரு."

நல்ல கேள்வி. "அப்பாகிட்ட முதல்ல காட்டு" என்றேன்.

"ஏன் டீச்சர்? சர்ப்ரைஸ் லா!"

முதல் வரியில் ஆள் வேண்டும் என்ற விதி என்னுடையது இல்லை. நான் சிறுமியாக இருந்தபோது எலிசபெத் டீச்சர் தந்தது. பள்ளியிலும் அவர்தான், ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியிலும் அவர்தான்; வாரத்தில் ஒரு நாள்கூடத் தப்ப முடியாது. மாதா கோயில் திருநாளன்று பூசை முடிந்ததும் மண்டபத்தில் தேநீரும், கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப்பும் கொடுப்பார்கள். பெரியவர்கள் சாப்பிடும்போது பிள்ளைகள் ஏதாவது பாட வேண்டும், அல்லது வாசிக்க வேண்டும். எனக்குப் பாட வராது. அதனால் கட்டுரை.

நான் எழுதிய முதல் வரி இது: "என் அப்பா ஒரு கையை உயர்த்தினால் பெரிய முதலாளியின் காரும் நின்றுவிடும்."

பொய் இல்லை. அப்பா தீவுக்கும் அக்கரைக்கும் இடையே ஓடிய பழைய ஃபெர்ரியில், கார்கள் ஏறும் கீழ்த்தட்டில் வேலை செய்தார். டீசல் வாசத்துக்கும் கடல் வாசத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, இரண்டு கார்களுக்கு இடையில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடம் விட்டு நிறுத்த வைப்பார். விரலை மடக்கினால் வா, உள்ளங்கையைக் காட்டினால் நில். நான் பார்த்த வரையில் அவருக்குக் கீழ்ப்படியாத கார் கிடையாது.

மண்டபம் நிமிர்ந்து பார்த்தது. டீச்சர் சொன்னது பலித்தது. இரண்டாம் பத்தியில் கார் வரிசை, மூன்றாம் பத்தியில் அப்பாவின் எண்ணெய் பிடித்த சட்டை. கை தட்டினார்கள்.

அப்போது மாமா எழுந்தார். அம்மாவின் அண்ணன். நிபோங் திபால் பக்கம் எஸ்டேட்டில் கிராணி; கூலிக் கணக்கு எழுதும் மேசை வேலை. எங்கள் குடும்பத்தில் அது பெரிய பதவி.

"என்ன மச்சான், ஜெட்டி ஆபிஸுக்கு மாத்திட்டாங்கன்னு போன மாசம் சொன்னீங்க. இது காடி நிறுத்துற வேலையால்ல இருக்கு?"

அப்பாவுக்குப் படகுத்துறை ஆபிஸில் வேலை என்பது எனக்குப் புதிய செய்தி.

பின்னாலிருந்து யாரோ, "அவருக்கு ஆபிஸே கடல்லதான் லா!" என்றார். மண்டபம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். "ஆமா மச்சான், நல்லா காத்து வர்ற ஆபிஸு" என்றார். அம்மா மட்டும் தட்டிலிருந்த கறிபாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிவரை அதைச் சாப்பிடவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் அழுதுவிட்டு முடித்திருக்கலாம். "முதல் வரி நல்லா இருக்கும்மா" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "எல்லாரும் நிமிந்து பாத்தாங்க" என்றார்.

அடுத்த பள்ளி விடுமுறையில் அம்மாவும் நானும் மாமா வீட்டுக்குப் புறப்பட்டோம். ஃபெர்ரியின் மேல்தட்டுப் படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். எப்போதும் அப்படித்தான் பார்ப்பேன். அப்பாவும் என்னைப் பார்த்தார். பார்த்ததும் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். எதிரே ஒரு நீலக் கார் வந்து நின்றது. அப்பா தலையை மட்டும் அசைத்தார். ஓட்டுநருக்குப் புரியவில்லை, ஹார்ன் அடித்தார். பின்னால் இருந்தவர்களும் அடித்தார்கள். கூட வேலை செய்த பாக் டின், "ஒய், தாங்கான்! தாங்கான்!" என்று மலாயில் கையைக் கேட்டு, தன் கையைத் தூக்கிக் காட்டிக் கத்தினார். அப்பா கையை எடுக்கவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்வரை எடுக்க மாட்டார் என்று புரிந்தது. மறுபக்கம் போய்க் கடலைப் பார்த்து நின்றேன். ஹார்ன் சத்தம் நின்றது. அதற்குப் பிறகு அந்தப் படியில் நான் நின்றதில்லை.

எலிசபெத் டீச்சரின் விதி எனக்குச் சோறு போட்டது. பத்திரிகையில் நான் எழுதிய முதல் வரிகளில் எல்லாம் ஆள் உண்டு. கடை எரிந்தால், சாம்பலில் சாவியைத் தேடும் கடைக்காரர். வெள்ளம் வந்தால், மெத்தையைப் பிழியும் பெண். நல்ல தொடக்கம் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்வார். செய்தி வந்த மறுநாள் அந்தப் பெண் ஊரார் முகத்தில் எப்படி விழித்தாள் என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தெரியாமல் இல்லை.

அப்பாவிடம் ஏன் முதலில் காட்ட வேண்டும் என்று தர்ஷினிக்கு இன்னும் சொல்லவில்லை.

அப்பா போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பெரிய ஃபெர்ரிகளையும் நிறுத்திவிட்டார்கள். போன சனிக்கிழமை வகுப்பு முடிந்து புதுப் படகில் அக்கரைக்குப் போனேன். வேகமாகப் போகிறது, டீசல் வாசம்கூட அவ்வளவாக இல்லை. கார்கள் எல்லாம் பாலத்தில் போகின்றன. கதவருகே சீருடையில் ஒருவர், இரண்டு கைகளையும் பைக்குள் விட்டபடி நின்றிருந்தார். அவர் நிறுத்த வேண்டிய கார் எதுவும் இல்லை. இருந்தும் நான் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.